எண்ணெய் விடாமல் அவித்த கீரை: அதன் கரோட்டின் குடலைத் தாண்டுமா?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கீரைக்கு எண்ணெய் விடுவதில்லை. முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ, பூண்டும் உப்பும் போட்டு அவித்துக் கடைந்து அப்படியே சாப்பிடுகிறோம். பிள்ளைகள் இருவருக்கும் அதே கீரைதான். என் மாமியாருக்கு இதில் பெரிய வருத்தம். "தாளிக்காத கீரை உடம்பில் ஒட்டாது" என்று தினமும் சொல்கிறார். கீரையில் கண்ணுக்கு நன்மை செய்யும் நிறமிகள் இருக்கின்றன என்று படித்திருக்கிறேன். அவை குடலில் எப்படி உறிஞ்சப்படுகின்றன? மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

சத்தியல் ஆசிரியை:

கீரையின் கரோட்டின் என்ற நிறமியைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வது பெரும்பாலும் உண்மை, அம்மா. கல்லூரியில் பல ஆண்டுகள் உணவியல் நடத்தியவள் என்ற முறையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடுப்படியில் ஒன்றைச் செய்து பாருங்கள். வாணலியில் எண்ணெய் விட்டுத் துருவிய கேரட்டை வதக்குங்கள். சிறிது நேரத்தில் ஓரமாக ஒதுங்கும் எண்ணெய் ஆரஞ்சு நிறமாகிவிடும். அதே கேரட்டை வெறும் தண்ணீரில் அவித்து வடித்தால் தண்ணீரில் லேசான சாயல் மட்டுமே இறங்கும். பீட்ரூட்டை அவித்தாலோ தண்ணீர் செக்கச் செவேலென்று ஆகிவிடுகிறது. பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரையும். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். கீரையிலும் அதே கரோட்டின் இருக்கிறது. பச்சையம் மேலே நிற்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

குடலின் உள்ளே எப்போதும் ஈரம். கொழுப்பில் மட்டும் கரையும் ஒரு பொருள் அந்த ஈரத்தைக் கடந்து குடல் சுவரைத் தொட வேண்டும். தனியாக அதனால் முடியாது. மெல்லும்போதும் வெந்து குழையும்போதும் இலையின் செல்சுவர் உடைந்து கரோட்டின் வெளிவருகிறது. இரைப்பை கடையும்போது அது உணவிலுள்ள எண்ணெய்த் துளிகளில் போய்க் கரைகிறது. முன்சிறுகுடலுக்கு வந்ததும் கணையத்தின் லிப்பேஸ் நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கிறது. பித்தநீரின் உப்புகள், சிதைந்த கொழுப்பையும் கரோட்டினையும் சேர்த்து மைசெல் எனப்படும் மிக நுண்ணிய திரளைகளாக்குகின்றன. ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் அகலம்தான். வெளிப்புறம் நீரோடு ஒத்துப்போகும், உள்புறம் கொழுப்பை வைத்துக்கொள்ளும். இந்த உருவில்தான் கரோட்டின், குடல் சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பை அடைகிறது.

எண்ணெய் இல்லை என்றால் பித்தநீர் போதிய அளவு சுரக்கத் தூண்டுதல் இல்லை, மைசெல் உருவாகப் பொருளும் இல்லை. வெளிவந்த கரோட்டினில் பெரும்பகுதி சக்கையோடு கீழே போய்விடும். அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. ஒரே காய்கறிச் சாலட்டை எண்ணெயே இல்லாத சாற்றோடும், 6 கிராம் எண்ணெயோடும், 28 கிராம் எண்ணெயோடும் கொடுத்து, சாப்பிட்டவர்களின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள். எண்ணெய் இல்லாத சாலட் சாப்பிட்ட நாளில் கரோட்டினாய்டுகள் (கரோட்டின் வகை நிறமிகள்) இரத்தத்தில் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது.

இயற்கைவழி:

ஆசிரியை அம்மா மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் காலையில் வெறும் வயிற்றில் பச்சைக் கேரட் சாறு குடிப்பவன், பலருக்கும் பரிந்துரைப்பவன். அடுப்பில் ஏற்றினால் உயிர்ச்சத்து செத்துவிடும் என்பதுதானே காலங்காலமாக நாம் கேட்டு வருவது? வேகவைத்து, வதக்கி, அதன்மேல் எண்ணெயும் ஊற்றினால் அதில் மிச்சம் என்ன இருக்கும்?

சத்தியல் ஆசிரியை:

எந்தச் சத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது, ஐயா. வைட்டமின் சி, ஃபோலேட் இரண்டும் சூட்டிலும் வடிக்கும் தண்ணீரிலும் நிறையப் போய்விடும். அதில் உங்கள் கவலை நியாயமானது. கரோட்டின் அப்படியல்ல, வழக்கமான வீட்டுச் சமையலைத் தாங்கும். பச்சைக் கேரட்டில் அது செல்லுக்குள் படிகங்களாக இறுகிக் கிடக்கிறது. கீரையில், பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தின் புரதங்களோடு பின்னிக் கிடக்கிறது. சூடுதான் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் வீடுகளில் செய்வது போலவே காய்களையும் கீரைகளையும் குக்கரில் வேகவைத்தும் வதக்கியும் ஆராய்ந்திருக்கிறார்கள். பச்சையாக இருந்ததைவிட வெந்தபின் உறிஞ்சத்தக்க பீட்டா கரோட்டின் (கரோட்டினில் முக்கியமான வகை) கூடியது.

கரோட்டினுக்கு உண்மையான எதிரிகள் வெயிலும் காற்றும்தான். முருங்கையிலையை மொட்டைமாடியில் நேர் வெயிலில் காயவைத்துப் பொடி செய்பவர்கள் நிறைய இழக்கிறார்கள். நிழலில் உலர்த்த வேண்டும்.

சாறு குடிப்பது தவறு என்று சொல்லவில்லை. அரைக்கும்போது செல்கள் உடைவதால் அதிலும் ஒரு நன்மை இருக்கிறது. வெறும் வயிற்றில் குடிக்காமல் காலை உணவோடு குடியுங்கள், போதும்.

வடமராட்சி:

எங்கள் பக்கம் முருங்கையிலையைச் சொதி வைப்போம். தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் தேசிக்காய்ப்புளி. பொன்னாங்காணியை வறை செய்தாலும் தேங்காய்ப்பூ போடாமல் இறக்க மாட்டோம். அப்படியானால் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் இந்த வேலைக்கு உதவுமா? தேங்காய்க் கொழுப்பு வேறு வகை, அது நேரே ஈரலுக்குப் போய்விடும் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன்.

சத்தியல் ஆசிரியை:

உதவும், தம்பி. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஏனென்றால் கரோட்டின் குடல் செல்லுக்குள் நுழைவதோடு பயணம் முடிவதில்லை.

செல்லுக்குள் வந்தபின், கொழுப்பு மீண்டும் பொட்டலம் கட்டப்படுகிறது. அந்தப் பொட்டலத்துக்குக் கைலோமைக்ரான் என்று பெயர். கரோட்டினும் அதனுள் ஏறிக்கொண்டு நிணநீர் நாளத்தில் இறங்கி, மார்பு வழியாக மேலே சென்று கழுத்தருகே இரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் நேரே கல்லீரலுக்குப் போகும் பாதை வேறு. தேங்காயில் ஓரளவு இருக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (மூலக்கூறின் சங்கிலி குட்டையான கொழுப்பு) அந்த நேர்ப்பாதையில் போய்விடுவதால் கைலோமைக்ரான் குறைவாகவே உண்டாகும். அந்த வகைக் கொழுப்பை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்தபோது கரோட்டின் இரத்தத்தில் ஏறுவது வெகுவாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அது தனியே பிரித்தெடுத்த எண்ணெய். தேங்காயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தின் கணிசமான பங்கு நிணநீர் வழியே செல்கிறது. நீண்ட சங்கிலிக் கொழுப்பும் தேங்காயில் இருக்கிறது. உங்கள் சொதியை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. ஒரு வேளை உணவிலிருந்து செல்லுக்குள் வந்த கரோட்டின் முழுவதும் அப்போதே கிளம்பிவிடுவதில்லை. கொஞ்சம் அங்கேயே தங்கி, அடுத்த வேளை கொழுப்பு வரும்போது அதோடு ஏறிப் போகும். குடல் செல்லின் ஆயுள் சில நாட்களே. அதற்குள் ஏறாதது உதிரும் செல்லோடு சேர்ந்து வெளியேறிவிடும்.

அரைகுறை உயிரியல்:

நான் ஆய்வகத்தில் இருப்பவன். நுழைவாயில் பற்றி ஒரு செய்தி சேர்க்கிறேன். கரோட்டின் செல் சவ்வின் வழியே தானாகக் கசிந்து உள்ளே போகிறது என்றுதான் நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் எழுதினார்கள். 2002இல் பழ ஈக்களை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதான ஈக்கள், கரோட்டின் உள்ள உணவைத் தின்றும் உடம்பில் கரோட்டினே இல்லாமல், பார்வையின்றி இருந்தன. அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு இணையானது நம் குடலிலும் இருக்கிறது. எஸ்ஆர்-பி1 என்று அழைக்கிறார்கள். சிடி36 என்ற இன்னொரு புரதமும் கைகொடுக்கிறது. ஆக, பெருமளவு நுழைவு, வாயிற்காப்பு உள்ள நுழைவு.

வாயிலை மூடும் ஏற்பாடும் உண்டு. உள்ளே வந்த பீட்டா கரோட்டினை பிசிஓ1 என்ற நொதி நடுவில் வெட்டுகிறது. ஒரு மூலக்கூறு இரண்டு ரெட்டினால் ஆகிறது. அதுதான் வைட்டமின் ஏ. உடம்பில் வைட்டமின் ஏ போதிய அளவு இருந்தால், அதிலிருந்து பிறக்கும் ரெட்டினாயிக் அமிலம் ஐஎஸ்எக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டுகிறது. அது எஸ்ஆர்-பி1, பிசிஓ1 இரண்டையும் குறைத்துவிடுகிறது. தேவை இருக்கும்போது திறந்து, தேவை தீர்ந்தபின் ஒடுங்கிக்கொள்ளும் இந்த அமைப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கேரட் தின்று யாருக்கும் வைட்டமின் ஏ நச்சு ஏறுவதில்லை என்பதற்கு இதுவே முக்கியமான காரணம்.

எழிலரசி தாய்:

உங்கள் பதிவைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. என் மகளுக்கு ஒன்றரை வயது. பரங்கிக்காய், கேரட், பப்பாளி மூன்றையும் விரும்பிச் சாப்பிடுகிறாள். நானும் மசித்து ஊட்டிக்கொண்டே இருக்கிறேன். சில வாரமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருக்கின்றன. மூக்கு நுனியிலும் அந்த நிறம் தெரிகிறது. பக்கத்து வீட்டில் மஞ்சள் காமாலை என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

கிராமச் செவிலியர்:

பயப்படாதீர்கள், தங்கையே. குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து விழியின் வெள்ளையைப் பாருங்கள். காமாலையில் முதலில் மஞ்சளாவது அதுதான். சிறுநீரும் அடர்ந்த நிறத்தில் போகும். விழி வெள்ளையாக இருந்து, உள்ளங்கையும் மூக்கும் மட்டும் மஞ்சளாக இருந்தால், வெட்டப்படாத கரோட்டின் தோலில் படிந்திருக்கிறது என்று பொருள். அந்த மூன்று காயையும் பழத்தையும் சற்றுக் குறைத்தால் சில வாரங்களில் நிறம் இறங்கும். தீங்கு இல்லை.

ஆனாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விழி மஞ்சளானாலோ குழந்தை சோர்ந்தாலோ அன்றே போக வேண்டும். இவ்வளவு காய் சாப்பிடாத ஒருவருக்கு உள்ளங்கை மஞ்சளானால் தைராய்டையும் பார்ப்பார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குக் கரோட்டின் வைட்டமினாக மாறுவது மந்தப்படும்.

பொருநைக்கரை:

எழிலரசி தாய்க்குப் பதில் கிடைத்தது எனக்கும் ஆறுதல். ஆசிரியை அம்மா, ஒரு சந்தேகம். அப்படியானால் எண்ணெய் ஒன்றைச் சேர்த்துவிட்டால் கீரையில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுமா?

சத்தியல் ஆசிரியை:

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னதாகும்.

1995இல் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மாரிடம் நடந்த ஆய்வு உணவியல் துறையையே உலுக்கியது. ஒரு பிரிவினருக்குத் தினமும் கரும்பச்சைக் கீரைகளை வதக்கிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே அளவு பீட்டா கரோட்டின் சேர்த்த பிஸ்கட் வகை ஒன்றைக் கொடுத்தார்கள். பிஸ்கட் தின்றவர்களின் வைட்டமின் ஏ நிலை தெளிவாக உயர்ந்தது. கீரை தின்றவர்களுக்கு உயர்வு தெரியவில்லை. கீரை வதக்கப்பட்டதுதான், கொழுப்பும் இருந்ததுதான். அப்படியும் இலையின் கட்டமைப்பு கரோட்டினை விட்டுக்கொடுக்கவில்லை.

அதுவரை 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ ஆகும் என்று உலக அளவில் கணக்கிட்டு வந்தார்கள். அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2001இல் அதை 12க்கு 1 என்று மாற்றியது. அதே இந்தோனேசியக் குழு பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த அடுத்த ஆய்வில் பழங்களுக்கு 12க்கு 1, கீரைக்கும் கேரட்டுக்கும் 26க்கு 1 என்று கண்டது. பழங்களில் கரோட்டின் பெரும்பாலும் எண்ணெய்த் திவலைகளில் கரைந்த நிலையிலோ அதற்கு நெருக்கமான நிலையிலோ இருப்பதால் எளிதில் பிரிந்து வருகிறது. மாம்பழம், பப்பாளி இரண்டும் இந்த வகை.

இதைக் கேட்டுக் கீரையைக் கைவிட்டுவிடாதீர்கள். கீரையில் அளவு மிகுதி; இரும்பும் ஃபோலேட்டும் கால்சியமும் வேறு இருக்கின்றன. நன்றாக வேகவைத்துக் கடைவது நம் வழக்கம். மத்தில் கடையும்போது இலை நைந்துபோகிறது, அது பெரிய நன்மை. அதோடு கொஞ்சம் எண்ணெய். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1980இல் குழந்தைகளிடம் செய்த ஆய்விலும், கீரையோடு 5 கிராம் கொழுப்பு சேர்த்தபோதே உறிஞ்சுதல் நன்றாகக் கூடியது. 5 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி.

கிராமச் செவிலியர்:

ஆசிரியை அம்மா சொன்னதோடு குடற்புழுவையும் சேர்க்க வேண்டும். 1998இல் வெளியான சுமத்ரா ஆய்வு ஒன்றில், கரோட்டின் நிறைந்த உணவு, கொழுப்பு, புழு மருந்து மூன்றும் சேர்ந்தபோதுதான் குழந்தைகளின் வைட்டமின் ஏ மிக நன்றாக ஏறியது. உருளைப்புழு நிறைந்த குடலில் நல்ல கீரையும் வீணாகும். புழு மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளைகளை ஒளித்து வைக்கும் பெற்றோரைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது.

ஒன்பதாம் மாதம் 1 லட்சம் அலகு, பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு என்று நாங்கள் ஊற்றும் வைட்டமின் ஏ மருந்து எண்ணெய்ப் பதத்தில்தான் இருக்கிறது. அது ஏற்கெனவே வைட்டமினாக ஆனது. குடலில் வெட்டப்பட வேண்டியதில்லை. ஆகவே அதற்குக் கரோட்டினைப் போன்ற கட்டுப்பாடும் இல்லை. குறித்த அளவுக்கு மேல் கொடுக்கவே கூடாது. கீரை சாப்பிடும் பிள்ளை என்பதற்காக இந்தச் சொட்டைத் தவிர்க்கவும் வேண்டாம்.

பட்டிக்காரன்:

மாடு வைத்திருப்பவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? பசு நெய் மஞ்சள், எருமை நெய் வெள்ளை. இரண்டும் ஒரே பசும்புல்லைத்தான் மேய்கின்றன. எருமை கரோட்டினை வைட்டமினாக மாற்றித்தான் பாலில் விடுகிறது. பசு கொஞ்சத்தை மாற்றாமல் அப்படியே கொழுப்பில் விடுகிறது. மழைக்குப் பிறகு பச்சைத் தீவனம் கிடைக்கும் காலத்தில் எங்கள் பசு வெண்ணெயின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கோடையில் வைக்கோல் போடும்போது அது வெளிறிவிடும். எருமைப் பாலில் சத்தில்லை என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரைகுறை உயிரியல்:

அருமை, அண்ணா. கோழியிலும் இதே கதை இருக்கிறது. வளர்ப்புக் கோழிகளில் சிலவற்றின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்கு, தோலில் கரோட்டினாய்டை வெட்டும் பிசிஓ2 என்ற நொதி அடங்கிப்போனது காரணம். அந்த மரபணு வடிவம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். முட்டைக்கருவின் மஞ்சளும் தீவனத்திலிருந்து வருவதே. மக்காச்சோளமோ செண்டுமல்லிச் சாறோ இல்லாவிட்டால் கரு வெளிறிவிடும். அந்த மஞ்சள் பெரும்பாலும் லூட்டீன் என்ற கரோட்டினாய்டு. விழித்திரையின் நடுப்புள்ளியில் சேர்பவை அதுவும் ஸியாஸாந்தின் என்ற இன்னொரு கரோட்டினாய்டும்தான். முட்டைக்கருவில் அது கொழுப்போடு சேர்ந்தே இருப்பதால் கீரை லூட்டீனைவிட எளிதில் உறிஞ்சப்படுகிறது.

இயற்கைவழி:

பித்தப்பையை அறுவை செய்து எடுத்துவிட்ட என் அண்ணிக்கு இதெல்லாம் சேருமா? கருப்புக் கவுனி அரிசியின் ஊதா நிறத்துக்கும் எண்ணெய் வேண்டுமா? கடைகளில் பீட்டா கரோட்டின் மாத்திரை விற்கிறார்களே, அதைப் போட்டுக்கொண்டால் வேலை எளிதல்லவா?

சத்தியல் ஆசிரியை:

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைத்துச் செறிவாக்குவது மட்டுமே. அண்ணிக்குப் பித்தநீர் தொடர்ந்து குடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். எண்ணெயை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துச் சாப்பிடட்டும். பித்த நாளம் அடைபட்டவர்கள், கணைய அழற்சி முற்றியவர்கள், கோதுமைப் புரதம் சேராத சீலியாக் நோயால் குடலுறிஞ்சிகள் தேய்ந்தவர்கள்தான் உண்மையில் இழப்பவர்கள். அவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

கவுனியின் ஊதா, நாவல் பழத்தின் கருநீலம், கத்திரிக்காய்த் தோலின் நிறம் எல்லாம் ஆந்தோசயனின். தண்ணீரில் கரைவதால் அதற்கு எண்ணெய் தேவையில்லை. இரைப்பையிலும் சிறுகுடலிலும் சிறு பங்கே உறிஞ்சப்படுகிறது. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் சிதைக்கப்பட்டு, வேறு சிறு சேர்மங்களாகத்தான் உடம்பில் சேர்கிறது. கவுனியை இரவு ஊறவைத்தால் தண்ணீர் ஊதாவாகிவிடும், பார்த்திருப்பீர்கள். அதைக் கொட்டாமல், அரிசியை முதலிலேயே நன்றாகக் கழுவிவிட்டு ஊறிய தண்ணீரிலேயே வேகவையுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வை 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அதுவும் இதே காரணத்துக்காக. உணவாகச் சாப்பிட்டபோது இப்படி ஒரு தீங்கு காணப்படவில்லை. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் அந்த மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள்.

இயற்கைவழி:

நன்றி, அம்மா. சாற்றை இனி இட்லியும் எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயுமாகச் சாப்பிடும்போது குடிக்கிறேன். பச்சைக் காய்கறி பற்றிய என் கருத்து மாறவில்லை. மாத்திரை பற்றி நீங்கள் சொன்னதை மற்றவர்களுக்கும் சொல்வேன்.

பொருநைக்கரை:

கடைசியாக ஒன்று. கணவருக்காக எண்ணெயைக் குறைக்கத்தான் வேண்டும். கீரையை எண்ணெயிலேயே வதக்க வேண்டுமா, இறக்கும்போது மேலே தாளித்துக் கொட்டினால் போதுமா?

சத்தியல் ஆசிரியை:

இரண்டும் போதும். வதக்கினால் கரோட்டின் சட்டியிலேயே எண்ணெயில் கரையத் தொடங்கும். தாளித்துக் கொட்டினால் அந்த வேலையை இரைப்பை செய்துகொள்ளும். எண்ணெய் கீரையில்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை; அதே வேளை உணவில் இருந்தால் சரி. ஒரு கைப்பிடி வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துக் கீரையில் தூவினாலும், பக்கத்தில் ஒரு முட்டை வைத்தாலும் கொழுப்பு வந்துவிடுகிறது. அப்பளமும் வடையும் பொரிக்கும் எண்ணெயை நிறுத்திவிட்டு, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி கணக்கில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கீரைக்குத் தாளியுங்கள். மொத்தத்தில் எண்ணெய் குறைந்தே இருக்கும். பிள்ளைகளின் பங்குக்கு மட்டும் அரைத் தேக்கரண்டி நெய் கூடுதலாக விடலாம்.